புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

என்ரை ராசாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று நான் இதைத் தொடங்கப் போவதில்லை. நேற்று நீ ரெலிபோனில் போட்ட சத்தத்திலேயே உன்னுடைய நெஞ்சும் தொண்டையும் எவ்வளவு சுகமாக இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. என்னுடைய சுகம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் ரெலிபோன். சாப்பிட்டீங்களோ என்றுகூட நீ கேட்கவில்லை.

"அம்மா, சாமித்தட்டிலை துப்பாக்கி வைச்சோ என்னை வளர்த்தனீங்கள்?"

"எடேய், எந்தத் துப்பாக்கி?"

"அந்த ஊதுபத்தி குத்துற சாமான்! அது றிவோல்வருக்குள்ளை சுத்துற உருளை! லேனா ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்தபோதே கண்டவளாம். இண்டைக்குத்தான் எனக்குச் சொல்லுறாள். அவளின்ரை அப்பா குறி சுடுற சங்கத்திலை இருக்கிறவர், அவளுக்குத் தெரியாதோ?"

நான் "பால் பொங்குது" என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை, பருப்புத்தான் இருந்தது. அதுவும் அடிப்பிடித்துவிட்டது. அப்படியே குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். இத்தனை காலம் ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் நான் காத்து வைத்த ஒரேயொரு இரகசியத்தை, எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து இரண்டு வடை சாப்பிட்ட பெட்டை கண்டுபிடித்துவிட்டாள். கலியாணம் கிட்டுகிறது. உன்னிடம் வாயால் சொன்னால் நீ இடையிலே பாய்ந்து கேள்வி கேட்பாய். கடிதத்துக்கு இடையிலே யாரும் பாய ஏலாது. ஆகையால் இரு, முழுக்க வாசி, பிறகு கத்து.

முதலில் உன்னுடைய பயத்தைத் தீர்க்கிறேன். அது துப்பாக்கி இல்லை, துப்பாக்கியின் ஒரு துண்டு. துப்பாக்கி திருத்துகிற கடைக்காரர் அதன் ஆறு துளைகளையும் குறுக்கே இரும்பு அறுக்கிற வாளால் அறுத்து, இனி எந்தக் குண்டும் போட ஏலாதபடி ஆக்கித்தான் தந்தது. அந்த வெட்டை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்து, "இதென்னம்மா?" என்று கேட்டாய். "சாம்பல் விழுகிறதுக்கு" என்று சொன்னேன். நீ நம்பினாய். படித்த பிள்ளை!

இனிக் கதைக்கு வருகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நாங்கள் இருந்தது அகதிகள் விடுதியில், ஹைமில். பழைய பள்ளிக்கூடக் கட்டடம், ஒரு மாடித் தட்டுக்கு ஒரு குசினி, சுவரெல்லாம் ஈரம். அந்த ஈரம் உன்னுடைய நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்தது. நீ மூச்சு விடும்போது விசில் அடிக்கும். டொக்டர் மருந்து தருவார், "இடத்தை மாற்றுங்கள்" என்பார். இடத்தை மாற்ற நாங்கள் என்ன சுற்றுலா வந்தவர்களா? எங்கள் அகதி விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறதென்று கடவுளுக்கும் தெரியாது. அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லை தாண்டிக் கொலோனுக்குப் போய் ஒரு இறாத்தல் மிளகாய்த்தூள் வாங்குவதென்றாலும் பேப்பர் கேட்க வேண்டும். அப்போதுதான் ஹெர் பௌமன் என்ற ஒரு பென்சன்காரர் நகரசபைக்குப் போய், "என் வீட்டு மேல்தட்டு சும்மா கிடக்கிறது, பிள்ளை உள்ள குடும்பம் ஒன்றை அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மனைவியை இழந்தவர். தொழிற்சாலையில் கருவிகள் செய்தவர். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு கிழமையில் உன்னுடைய விசில் நின்றது. அந்த மேல்தட்டு போனால் திரும்ப ஹைம், ஹைம் என்றால் திரும்ப விசில். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி. நான் அந்த வீட்டில் வைத்த ஒவ்வொரு அடியும் இந்தக் கணக்கை வைத்துத்தான் வைத்தேன், பின்னால் சொல்லப்போகிற அந்த ஒரு அடியைத் தவிர.

நன்றிக்கு வடை கொடுப்பது எங்கள் வழக்கம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டு நிறைய வடையோடு கீழே இறங்கினேன். கதவு திறந்திருந்தது. ஹெர் பௌமன் மேசையில் வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் வரிசையாக, சந்தையில் மீன் அடுக்கினமாதிரி, றிவோல்வர்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ராசா, நான் எந்த ஊரிலிருந்து, எதைப் பார்த்து ஓடி வந்தேன் என்று உனக்குத் தெரியும். நான் போட்ட சத்தத்தில் நீ அழ மறந்துவிட்டாய். வடையெல்லாம் உருண்டு ஓட, நான் மேலே ஓடி, கதவைப் பூட்டி, அலுமாரியையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அப்பா நித்திரை.

"மெய்யே, எழும்புங்கோ! கீழ்வீட்டு மனுசன் இயக்கத்து ஆள்!"

"எந்த இயக்கம்?"

"எனக்கென்ன தெரியும்? மேசை நிறையச் சாமான் வைச்சிருக்கிறார்!"

"ஜேர்மன்காரருக்கு ஏதப்பா இயக்கம்?"

"எங்கடை ஆக்களுக்கே இத்தினை இருக்கேக்கை, இவங்களுக்கு ஒண்டுகூட இருக்காதோ?"

கதவு தட்டுப்பட்டது. அப்பா அலுமாரியைத் தள்ளிவிட்டுத் திறந்தார். வாசலில் ஹெர் பௌமன், முகம் பீற்றூட் மாதிரி. கையில் என்னுடைய தட்டு. உருண்ட வடையெல்லாம் பொறுக்கி அடுக்கியிருந்தார். ஒன்றில் கடித்த அடையாளமும் இருந்தது. அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அப்பா கீழே போய் விசாரித்துவிட்டு வந்து விளக்கம் தந்தார். "சங்கமாம். லைசன்சும் இருக்கு. கடதாசியிலை வட்டம் கீறிச் சுடுறது, பிறகு பியர் குடிக்கிறது."

"ஆரைச் சுடுறது?"

"கடதாசியை."

"கடதாசி அவையளுக்கு என்ன செய்தது?"

அப்பா அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போய்விட்டார். 

அந்த மனுசனுக்குத் தான் ஒரு தாயையும் பிள்ளையையும் பயப்படுத்திவிட்டேனே என்ற கவலை தீரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே மேலே வந்து, வந்து பார், பயமில்லை என்று கையால் காட்டிக் கூப்பிட்டார். நான் கதவு ஓரமாக, ஓடுவதற்கு வசதியான கதிரையில் இருந்தேன். எல்லாம் ஆளைச் சுடுவதற்காக இல்லாமல் குறி சுடுவதற்கென்றே செய்த பழைய றிவோல்வர்கள். என்னுடைய கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே கம்பனி, ஒரே கறுப்பு, ஒரே நீளம். "ஒன்று இருந்தால் போதாதா, ஏன் இத்தனை?" என்று கையாலேயே கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒருவரின் தாலிக்கொடியைப் பார்த்து "இது பித்தளையோ?" என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது.

பிறகு அவர் பூதக்கண்ணாடி ஒன்றைத் தந்து காட்டத் தொடங்கினார். இதில் பக்கத் தகட்டில் ஒரு ஆணி கூட, அதில் குறைவு. இதன் பிடியில் கீறின கட்டங்கள் சின்னன், அதில் பெரிது. இதில் முத்திரை குழலுக்குக் கீழே, அதில் பக்கத்திலே. கம்பனிக்காரன் ஒவ்வொரு காலத்திலும் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறான், அந்த மாற்றத்தை வைத்து எது முந்தினது எது பிந்தினது என்று சொல்லலாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அட, இது நகை பார்க்கிற அலுவல்! இதில் நான் ஊரிலேயே பேர் போனவள் அல்லவா? கலியாண வீட்டில் பந்தலுக்குள் கால் வைக்கும்போதே எந்த அட்டியல் எந்த நகைப் பத்தர் செய்தது, எந்தக் காப்பு இரவல், எந்தச் சங்கிலி அடைவிலிருந்து நேற்றுத்தான் மீண்டது என்று நான் சொல்லிவிடுவேன். அதற்காகவே என்னைச் சிலர் கலியாணங்களுக்குக் கூப்பிடுவதில்லை. கதிரையைக் கதவடியிலிருந்து மேசைக்கு இழுத்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் நான் கீழேதான். நீ கம்பளத்தில் இருந்து மரக் கட்டை அடுக்குவாய், அவர் எண்ணெய் போட்டுத் துடைப்பார், நான் பூதக்கண்ணாடியோடு வம்பளப்பேன். இதிலே உனக்கு ஒரு புத்தி: லேனாவுக்கு ஏதாவது ஒரு விசர் இருக்கும். முத்திரை சேர்ப்பாளோ, மலை ஏறுவாளோ, எனக்குத் தெரியாது. "இதென்ன விசர்" என்று வாசலில் நின்று கேட்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரு. மனுசர் தங்களுடைய விசரைக் காட்டும்போதுதான் முகத்தைக் காட்டுகிறார்கள்.

ஆனால் எதையும் அளவோடு செய். எனக்கு ஜேர்மன் பாசை வந்ததே இந்தச் சனிக்கிழமைகளில்தான். ஒருநாள் வெளிநாட்டார் அலுவலகத்தில் தற்காலிக விசா நீட்டப் போனபோது, அந்த அம்மா மெல்லமாகச் சிரித்து, "ஏதாவது ஜேர்மன் படித்தாயா?" என்று கேட்டா. நான் நிமிர்ந்து இருந்து, தெளிவாக, உரக்க, "குழல். விசை. உருளை. குறி" என்று ஜேர்மனில் சொன்னேன். அந்த அம்மாவின் பேனை நின்றது. அப்பாவின் மூச்சும் நின்றது. அப்பா எழும்பி, வியர்த்து, "பௌமன், சங்கம், கடதாசி, கடதாசி" என்று கையால் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டினார். நல்ல காலம், அந்த அம்மாவின் மாமனும் அந்தச் சங்கத்தில்தான் இருந்தார்.  பஸ்ஸால் இறங்கும்போது அப்பா, "நீ உன்ரை வாயைத் திறக்காட்டி எங்களுக்கு எப்பவோ விசா தந்திருப்பாங்கள்" என்றார்.

அந்தச் சேகரிப்பில் ஒரு ராசாத்தி இருந்தது. மற்றதெல்லாம் துவாயில் கிடக்கும், அது மட்டும் நீலக் கம்பளித் துணியில். குழலின் நுனியில் குறி பார்க்கிற சின்ன முள் ஒன்று நிற்கும். மற்ற றிவோல்வர்களில் அந்த முள்ளைத் தனியாகச் செய்து, ஒரு சின்ன ஆணியைக் குறுக்கே அடித்துப் பூட்டியிருப்பார்கள். மிக முந்தின ஒரு சிலதில் மட்டும் முள்ளும் குழலும் ஒரே இரும்பு, ஆணி இல்லை. அந்த ஆணியில்லாத ஒன்றைத்தான் ஹெர் பௌமன் கலியாணம் கட்டின காலத்திலிருந்து தேடினாராம். மனைவி இறந்த பிறகு, அவருடைய உயிர்ச் சிநேகிதர் வில்லி, ஊரில் பேக்கரி வைத்திருந்தவர், எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தாராம். "வில்லி கண்டுபிடித்தது" என்று சொல்லும்போது அந்தக் கிழவருடைய குரலே மாறும். அதை எனக்குப் பார்க்க மட்டும் தருவார், தொட விடமாட்டார்.

இனி அந்த நாள். எண்பத்தாறாம் ஆண்டு, நவராத்திரி தொடங்குகிறது. கொலோனிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த பழப்புளி கொஞ்சம் இருந்தது. என்னுடைய பித்தளை விளக்கைக் கீழே கொண்டுபோய், அதே மேசையில் கடதாசி விரித்து, அவர் தன்னுடைய இரும்பைத் துடைக்க, நான் என்னுடைய விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். விளக்குப் பொன் மாதிரி வந்தது. அவரும் "ஆ!" என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்தான் வினை. ரெலிபோன் அடித்தது. துப்பாக்கி மேசையில் இருக்கும்போது அவர் அறையை விட்டு வெளியே போகமாட்டார். ரெலிபோன் அறைச் சுவரிலேயே இருந்தது. அதனால் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு வில்லியோடு கதைத்தார். வில்லி பின்னேரம் கோப்பிக்கு வருகிறாராம். என் முன்னால் நீலத் துணியில் ராசாத்தி. அதன் நுனியில், முள்ளுக்குக் கீழே, கொஞ்சம் மங்கலாக ஒரு திட்டு. அழுக்கு என்று நினைத்தேன். சிநேகிதர் வருகிறார், பூசையும் வருகிறது, ஆயுதத்தையும் துலக்கி வைக்கிற நாள்கள்தானே என்று என்னுடைய கை என்னைக் கேட்காமலே புளியை எடுத்து அதில் வைத்துத் தேய்த்தது.

கறுப்பு வழிந்தது. நான் சொல்வது விளங்குகிறதா? இரும்பின் கறுப்பு, தேர்த் திருவிழா வெயிலில் தலைமயிருக்கு மை அடித்த கிழவரின் கன்னத்தில் மை வழிந்தமாதிரி, என்னுடைய விரலால் வழிந்தது. கீழே வெள்ளை இரும்பு பளபளக்கிறது.  துடைத்தேன், இன்னும் வெளுத்தது. முடிந்தது, ஹைம், ஈரம், உன்னுடைய விசில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அங்கே இரண்டாவது இடி. அந்த வெள்ளையின் நடுவில் ஒரு சின்ன வட்டம், வேறு நிறத்தில். மூக்குத்தி குத்தின துளை தூர்ந்துபோனால் ஒரு புள்ளி தெரியுமே, அப்படி. மற்றப் பக்கத்தையும் திருப்பித் தேய்த்தேன். கடவுளே, நேராக அங்கேயும் ஒன்று. அது ஆணித் துளை. யாரோ ஆணியைக் கழற்றி, துளையை அடைத்து, அரத்தால் ராவி, மேலே கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். ராசாத்தி ராசாத்தி இல்லை. சாதாரணமான ஒன்றுக்கு வேசம் போட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து தந்தது உயிர்ச் சிநேகிதர்.

ஹெர் பௌமன் ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். பார்த்தார். என்னுடைய கறுத்த விரலைப் பார்த்தார், புளியைப் பார்த்தார், அந்தப் புள்ளியைப் பார்த்தார். நான் எழும்பி நின்று தமிழிலும் ஜேர்மனிலும் சேர்த்து அழுதேன். "நான் செய்தது பிழை, பெரிய பிழை, ஆனால் பாருங்கோ, இந்த ஆணி, வில்லி உங்களை..."  உண்மையைச் சொன்னால் அவருடைய ஒரேயொரு சிநேகிதம் போகும். சொல்லாவிட்டால் நல்ல சாமானை நான் நாசமாக்கினதாக எங்களுடைய வீடு போகும். நீ கம்பளத்தில் இருந்து கட்டையைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

மனுசன் கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார், ராசா. எனக்கு அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்றே பட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார். "முதல் நாளே தெரியும். நான் ஆயுள் முழுக்க இரும்பைத் தடவினவன். என் விரலுக்குத் தெரியாதா?"

பிறகு ஆறுதலாகச் சொன்னார். மனைவி இறந்த அந்த மாரிக்காலத்தில் அவர் துப்பாக்கி அலுமாரியைத் திறக்கவேயில்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. வில்லி ஊர் ஊராகத் திரிந்து அந்த ஆணியில்லாததைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. கடைசியில் சாதாரணம் ஒன்றை வாங்கி, பேக்கரிக்குப் பின்னால் இருந்து தானே ராவியிருக்கிறார். "பாண் சுடுகிற கை. அரம் பிடிக்கத் தெரியாது. அந்த மை அவனுடைய பெருவிரலில் ஊறி, அந்தக் கிழமை வாங்கின பாணிலெல்லாம் கறுப்புப் பெருவிரல் அடையாளம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையான ஆணியில்லாதது உலகத்தில் இன்னும் எங்கேயாவது இருக்கும். இது மாதிரி இது ஒன்றுதான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய முகமும் வெளுத்தது. வில்லி கோப்பிக்கு வருகிறார்! வந்தால் முதலில் அந்த நீலத் துணியைத்தான் விரிப்பார். இவ்வளவு காலமும் காப்பாற்றின பொய் புளியோடு கரைந்து கிடக்கிறது. ஹெர் பௌமன் லாச்சியிலிருந்து கறுப்பு மைப் போத்தல் ஒன்றை எடுத்தார்.  "நீ நெற்றியில் பொட்டு வைக்கிறாய். வை" என்று பஞ்சைச் சுற்றின குச்சியை என்னிடம் தந்தார். அகதி விண்ணப்பம் கிடக்கும்போது, ஒரு ஜேர்மன்காரருடைய துப்பாக்கிக்கு நான் மை வைத்தேன், ராசா, அவர் பக்கத்தில் இருந்து மூச்சுப் பிடித்துப் பார்க்க. மை நல்லாய்த்தான் பிடித்தது. மிக நல்லாய்ப் பிடித்துவிட்டது. கலியாணப் பெண் கண் மாதிரிப் பளபளவென்று நின்றது, மற்ற இடமெல்லாம் அதற்குப் பக்கத்தில் கிழண்டிப் போய்த் தெரிந்தது. "ஐயோ" என்றார் அவர், தமிழில். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மேலே ஓடிப்போய்த் திருநீற்றுச் சட்டியை எடுத்து வந்து, முருகா என்று ஒரு சிட்டிகை போட்டு மெல்லத் தேய்த்தேன். பளபளப்பு அடங்கியது. அவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு என்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வில்லி வந்தார். கேக் கொண்டுவந்தார். கோப்பி குடித்தார். நீலத் துணியை விரித்தார். நான் வடையை வாயில் வைத்துக்கொண்டு கடிக்கவும் ஏலாமல் விழுங்கவும் ஏலாமல் நின்றேன். அவர் றிவோல்வரைத் தூக்கி, நுனியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். என்னைப் பார்த்தார். என்னுடைய விரல் நுனியைப் பார்த்தார். நான் கையைச் சீலைக்குள் ஒளித்தேன். "அழகு, ஹைன்ஸ்" என்று தன் சிநேகிதரிடம் சொல்லிவிட்டுத் துணியில் வைத்தார். வெளிக்கிடும்போது நான்தான் வாசல்வரை போனேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "என்னுடையதைவிட உன்னுடைய வேலை நேர்த்தி" என்றார். "அவனுக்கு ஒன்றும் சொல்லாதே. பாவம், உண்மையானது என்று நம்பிக்கொண்டிருக்கிறான்."

கதவைச் சாத்திவிட்டு அந்த வாசலிலேயே நின்று கணக்குப் பார்த்தேன். உள்ளே ஒருவர் தனக்குத் தெரியும் என்கிறதை வெளியே போகிறவருக்கு ஒளிக்கிறார். வெளியே போகிறவர் தான் செய்ததை உள்ளே இருக்கிறவருக்கு ஒளிக்கிறார். இரண்டு பேரும் ஒளித்து வைக்கத் தேர்ந்தெடுத்த இடம், கடவுளே, என்னுடைய வாய்! ஹைமில் ஒரு அக்கா கறிக்கு உப்புப் போட மறந்தால், பானை இறக்குவதற்கு முன்னால் மூன்றாம் தட்டுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோன வாய். வயிறு ஊதிப் போனது. அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பா நான் அமைதியாக இருக்கிறேன் என்று பயந்து காய்ச்சல் பார்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் இருவரும் அந்தத் துணியை விரித்து, "அழகு" என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். நான் வடை பரிமாறுவேன்.

பேர்லின் மதில் விழுந்த வருசம், அந்தச் செய்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஹெர் பௌமன் நித்திரையிலேயே போய்விட்டார். எங்களுக்கு அதற்குள் விசாவும் கிடைத்து, அப்பாவுக்கு வேலையும் கிடைத்திருந்தது. அவருடைய மகள் சேகரிப்பை விற்பதற்கு ஒரு வியாபாரியைக் கூப்பிட்டா. வில்லியும் வந்து நின்றார். அந்த வியாபாரி நீலத் துணியை விரித்து, ஒருதரம் பார்த்துவிட்டு, "இது கள்ளச் சாமான், எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டார். வில்லியின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சில நாட்களுக்குப் பிறகு வில்லி எங்கள் படியேறி வந்தார். மகளிடம் அதைக் கேட்டு வாங்கி, திருத்துகிற கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். உருளையை மட்டும் அறுப்பித்துக் கொண்டுவந்திருந்தார். நான் ஊதுபத்தியை உருளைக்கிழங்கில் குத்துவதைப் பார்த்து ஹைன்ஸ் எப்போதும் சிரிப்பாராம். "இதில் ஆறு துளை இருக்கிறது" என்றார். பிறகு படியிலேயே இருந்துவிட்டார்.

"அந்த வியாபாரிக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது" என்றார். "ஹைன்ஸுக்கு... தெரியுமா? என்னைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டா செத்தான்?"

அடக்கி வைத்த வாயை அன்றைக்குத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹைன்ஸின் விரலுக்கு முதல் நாளே தெரியும் என்பதை, பாணில் இருந்த கறுப்புப் பெருவிரலை, உலகத்தில் இது மாதிரி இது ஒன்றுதான் என்று சொன்னதை. அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "கழுதை" என்றார். "கிழட்டுக் கழுதை." பிறகு அந்தப் பெரிய பேக்கரிக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ போய் அவருடைய மடியில் ஏறி இருந்தாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது.

இப்போது வில்லியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாயை மூட வேண்டிய நாளில் மூடி, திறக்க வேண்டிய நாளில் திறந்தது என்னுடைய வாழ்க்கையில் அந்த ஒரு விசயத்தில்தான். அதற்கு முன்னும் பின்னும் நான் எல்லாவற்றையும் பிழையான நாளில்தான் சொல்லியிருக்கிறேன். உன்னுடைய பெரியம்மாவிடம் கேட்டுப் பார். கட்டின பிறகு நீயும் ஏதாவது ஒரு துளையை அடைத்து மை பூசுவாய். லேனாவும் பூசுவாள். அன்பில் பூசினதென்றால் புளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. களவில் பூசினதென்றால் நல்லாய்த் தேய். இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். கிட்ட இருந்து பார், விரலுக்குத் தெரியும்.

நேற்று ரெலிபோனை வைத்தபிறகு நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சாமித்தட்டுக்கு முன்னால் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உருளையைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். வெட்டின இடத்தைப் பெருவிரலால் தடவினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீடு நிறையச் சனம், உன்னுடைய பெரியம்மாவும் வாயைத் திறந்துகொண்டு நின்றா. ஒரு சொல் கேட்டிருந்தால் என்னுடைய மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அணைந்துபோன ஊதுபத்தி ஒன்றை எடுத்து, கொளுத்தி, அந்தத் துளையில் திரும்பக் குத்திவிட்டு, வடை நல்லாயிருக்கு என்று எனக்குச் சொன்னாள்.

கத்தினது நீ. அவள் இல்லை. கெதியாய்க் கட்டு, ராசா, அவள் மனம் மாறுவதற்கு முதல்.

அம்மா